டேப் மோகனும் ஒரு கிடார் கம்பியும்

1. ஓரமாக உட்கார்ந்த நாள்

"சவுண்ட் ஆளா? இங்க உனக்கு வேலை இல்லப்பா. ஓரமா உக்காரு."

சென்னை டிவி நிலையத்தில் தயாரிப்பாளர் என்னிடம் பேசிய முதல் பேச்சே இதுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திருவண்ணாமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, டிரம்ஸ் செட்டை பஸ் மேலே கட்டி, சவுண்ட் மிக்ஸரை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

எங்கள் ராக் பேண்டில் நான்கு பேர் வாசிப்பார்கள், நான் சவுண்ட் பார்ப்பேன். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் கேசட்டுகள்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுகளை அதில் கேட்டுப் படித்து, பிறகு சொந்தமாகத் தமிழிலும் பாட்டுப் போட்டோம். பாடுவதும் லீட் கிடாரும் மோகன். மேடையில் அவன் தனியாக சோலோ வாசிக்க ஆரம்பித்தால் கல்லூரிப் பசங்கள் நாற்காலி மேல் ஏறிவிடுவார்கள். அப்படி ஒரு கை.

டிவியில் எனக்கு ஏன் வேலை இல்லை என்றால், அங்கே யாரும் நிஜமாக வாசிப்பதில்லை. பாட்டை முன்கூட்டியே ரெகார்ட் செய்துவிடுவார்கள். ஷூட்டிங் அன்று அந்த டேப்பை ஓட விட்டு, அதற்கேற்ப வாயசைத்து, கையசைக்க வேண்டும். இளைஞர் நிகழ்ச்சிக்காக முந்தின வாரமே வந்து எங்கள் பாட்டைப் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தோம். சத்தம் வராமல் இருக்க டிரம்ஸ் மேல் துண்டு போட்டார்கள். கிடார் ஒயர் சும்மா தரையில் கிடந்தது.

சோலோ வரும் இடத்தில் மோகனின் கிடார் கம்பி பட்டென்று அறுந்தது.

மேடையில் கம்பி அறுந்தால் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. மற்ற மூன்று பேரும் தாளத்தை ஓட்டிக்கொண்டே இருக்க, மோகன் பாக்கெட்டிலிருந்து புதுக் கம்பியை எடுத்து, மாட்டி, முறுக்கி, மறுபடி சேர்ந்துகொள்வான். எத்தனையோ மேடையில் அப்படிச் செய்து கைதட்டல் வாங்கியிருக்கிறான். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் கம்பியை எடுத்து மாட்டத் தொடங்கிவிட்டான். வாசிப்பது டேப் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. அவன் குனிந்து கம்பி முறுக்குகிறான், பின்னால் கிடார் சோலோ பிளந்து கட்டுகிறது. கேமரா நேராக அவன் கைக்கே போனது.

"இன்னொரு தபா எடுத்துக்கலாங்க" என்று கெஞ்சினோம்.

"அடுத்த ஆள் வெளிய நிக்கிறாங்க. யார் இதெல்லாம் கவனிக்கப்போறா?" என்றார் தயாரிப்பாளர்.

2. ஊர் கவனித்தது

ஊரே கவனித்தது. நிகழ்ச்சி வந்தது ஞாயிற்றுக்கிழமை, வீடு வீடாகப் பார்த்தார்கள். திங்கட்கிழமை காலை தேரடி வீதியில் மோகன் டீ குடிக்கப் போனபோது ஒருவர் கேட்டாராம்: "இன்னாப்பா, கிடாரு தானா பாடுது, நீ கம்பி கட்டிக்கினு இருக்க?"

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் 'டேப் மோகன்'. கச்சேரிக்குக் கூப்பிட வருகிறவர்கள், "நெஜமாவே வாசிப்பீங்களா, இல்ல டேப்பா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அவன் ரோஷக்காரன். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். ஒருநாள் என் சவுண்ட் சர்வீஸ் கடைக்கு வந்து கிடாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "நீயே வெச்சிக்கடா குமாரு" என்று போய்விட்டான். பேண்டும் அத்தோடு கலைந்தது. அவன் வேங்கிக்கால் பக்கம் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான், ஒரு பெண் பிறந்தாள். கிடாரை அவன் தொடவே இல்லை. வருஷத்துக்கொருமுறை அந்தக் கிடாருக்குக் கம்பி மாற்றி வைப்பேன். வேறென்ன செய்ய?

3. பாபு கேட்ட கேள்வி

பத்து வருஷம் போயிருக்கும். ஊர் கேபிள்காரர் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆண்டு விழா வைத்தார். சவுண்ட் என்னுடையது. கீழ்பென்னாத்தூர் பாபு என்கிற மிமிக்ரிக்காரர் குழுவோடு வந்து, பழைய டிவி நிகழ்ச்சிகளைக் கிண்டலடிப்பதாக ஏற்பாடு. அதில் கடைசி ஐட்டம் எங்கள் பேண்ட். எங்கள் பாட்டு, மோகனின் அறுந்த கம்பி.

தெருத்தெருவாக பாஸ் கொடுத்திருந்தார்கள். மோகனின் மனைவியும் பெண்ணும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு வருவதாக இருந்தது. வேறு யார் வாயிலிருந்தோ தெரியவேண்டாம் என்று நானே அவன் ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு மண்டபத்துக்கு வந்தான். வழியெல்லாம் ஒரே பேச்சுதான்.

"எம் பொண்ணுக்கு இந்தப் பேரே தெரியாதுடா. அவ எதுருல என்ன கோமாளியாக்கப் போறானா அவன்?"

பாபு மேடையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். மோகனைப் பார்த்ததும் கிடாரோடு இறங்கி ஓடிவந்தார். நான் சண்டைக்குத் தயாராக நடுவில் நின்றேன்.

"அண்ணா, நீங்களே வந்துட்டீங்களா? டிவில வந்தப்போ புடிச்சு வெச்ச அந்த வீடியோவ எத்தினி தபா பாத்துருக்கேன் தெரியுங்களா? ரெண்டாவது சரணத்துல ஒரு எடம்ணா. கேமரா அந்தாண்ட திரும்பிடுது. அப்ப உங்க சுண்டு விரல் எங்க இருக்கும்னு தெரியவே மாட்டேங்குது. நானும் ஜாஸ்தி டிரை பண்ணிட்டேன்."

மோகன் அவரை உற்றுப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று நினைத்தேன். "கொண்டா" என்று கிடாரை வாங்கி, விரல் வைத்துக் காட்டினான். பாபு வைத்தார். "தப்பு. கட்டை விரல கீழ எறக்கு" என்றான் மோகன். மறுபடி தப்பு. மறுபடி. நான் போய் ஒயர் இழுக்க ஆரம்பித்துவிட்டேன். சண்டை வராது என்று தெரிந்துவிட்டது.

"ஏம்ப்பா, கிண்டல் பண்ற எடத்துக்கு விரல் இவ்ளோ சரியா இருக்கணுமா?" என்று மோகன் கேட்டான்.

"விரல் தப்பா இருந்தா அப்பறம் அது நீங்களே இல்லயேண்ணா" என்றார் பாபு.

4. டெக் தின்ற டேப்

அடுத்த கண்டம் என் பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் பாட்டு இருந்த, பாபுவிடம் இருந்த ஒரே கேசட்டைச் சத்தத்தின் லெவல் பார்க்கப் போட்டேன். என் கேசட் டெக் அதைத் தின்றுவிட்டது. டேப்பை வெளியே இழுத்தால் கசங்கிக் கசங்கி வருகிறது. பாபு தலையில் கை வைத்து உட்கார்ந்தார். தாளத்துக்கும் பாட்டுக்கும் அவர் குழுவில் ஆட்கள் இருந்தார்கள். கிடாருக்கு மட்டும் இல்லை. அவருக்கு விரல் வைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது.

மோகன் கசங்கிய டேப்பைக் கையில் எடுத்துப் பார்த்தான். "குமாரு, கடை சாவி குடு" என்றான்.

பழைய கிடாரோடு திரும்பி வந்தவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "என்ன யாருக்கும் காட்டக் கூடாது. டேப்புன்னே நினைச்சுக்கட்டும்." மேடைக்குப் பின்னால் படுதா மறைவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் கிடாருக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், அதன் முன்னால் என் மைக். படுதா ஓரமாக ஒரு கிழிசல், அவன் மேடையைப் பார்த்து வாசிக்க.

ஐட்டம் தொடங்கியது. பாபு அச்சு அசல் மோகனாகவே நின்றார். அதே தலை ஆட்டல், அதே முழங்கால் மடிப்பு. சோலோ வந்தது. பத்து வருஷம் தொடாத கை என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாபு கம்பி அறுந்ததாக நடித்தார். பாக்கெட்டில் தேடுகிறார், சட்டைக்குள் தேடுகிறார், டிரம்ஸ்காரரின் காதுக்குள் தேடுகிறார். பின்னால் கிடார் அதுபாட்டுக்குப் பிளந்து கட்டுகிறது. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

திடீரென்று கிடார் நின்றது. ஹெட்போனில் வேறு ஒரு சத்தம். க்ளுக் க்ளுக்கென்று ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, உடைந்துகொண்டு வரும் சிரிப்பு. மோகன் கிடாரைக் கட்டிக்கொண்டு, மைக் பக்கமே குனிந்து, அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் மண்டபம் முழுக்க அந்தச் சிரிப்பு.

வேண்டாத சத்தம் வந்தால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைச் சட்டென்று இறக்குவதுதான் எங்கள் தொழில். விரலும் அங்கேதான் இருந்தது. நான் இறக்கவில்லை.

"டேய், டேப்பு சிரிக்குதுடா!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்.

மூன்றாவது வரிசையில் பாவாடை சட்டை போட்ட ஒரு பெண் எழுந்து நின்றாள். "அம்மா, அது அப்பா!" என்றாள்.

பாபு ஒரு நொடி யோசித்தார். படுதாவை விலக்கினார். பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மோகன். கூட்டத்துக்குப் புரிய கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்த கைதட்டலில் என் மீட்டர் முள் சிவப்பைத் தாண்டிப் போனது. "டேப் மோகன், இன்னொரு தபா!" என்று கத்தினார்கள். அவன் பெண்ணைப் பார்த்தான். அவளும் அதையேதான் கத்திக்கொண்டிருந்தாள். பாபுவை நகரச் சொல்லிவிட்டு நடு மேடைக்கு வந்து வாசித்தான். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஒயர், மைக், லெவல் எல்லாம் யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். மைக்கில் வேண்டாத சத்தம் வந்தால் கை தானாக ஃபேடருக்குப் போகும். போகட்டும். இறக்குவதற்கு முன்னால், சத்தம் போடுவது யார் என்று ஒரு நொடி கேளுங்கள்.