அக்கா செய்த கடிகாரமும் நான் ஒட்டிய பின்பலகையும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர் அக்காவின் கடைசி ஏழு ஆண்டுகளில் அவர் வீட்டுப் பக்கம் போகாதவர்கள். அக்காவின் ஒரே தம்பியாகிய நானும் அவர்களில் ஒருவன்.

அச்சகத்தில் எனக்கு ஒரு மாதிரிக் கட்டுரை கொடுத்தார்கள். பொறுமையின் வடிவம், அன்பின் உறைவிடம் என்று அதில் எல்லாம் தயாராக இருந்தது. பெயரையும் ஊரையும் நிரப்பினால் போதும் என்றார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்கா பொறுமைசாலி அல்லர். மனத்தில் பட்டதை எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார். மன்னிக்கும் பழக்கமும் அவரிடம் கிடையாது. என்னை அவர் மன்னிக்கவில்லை. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அக்கா ஆந்திர எல்லையோரம் சத்தியவேடு அருகே ஒரு சிற்றூரில், வேர்க்கடலையும் நெல்லும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தார். பத்தாவது தேறியதும் கங்காதர நெல்லூரில் மணம் செய்து கொடுத்தார்கள். இரண்டாம் ஆண்டிலேயே கணவர் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அனுசரித்துக்கொண்டு கணவர் வீட்டிலேயே ஒரு மூலையில் இருந்துவிடச் சொன்னார் எங்கள் பெரியப்பா.

"அவ்ளோ நல்ல மூலைன்னா நீங்க போய் இருந்துக்கினு வாங்க பெரிப்பா" என்றார் அக்கா. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அன்றைக்கே உறவுக்காரர்கள் பாதிப் பேர் அவருக்குப் பகையானார்கள்.

எல்லையோரத் தொழிற்பேட்டையில் மரச்சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். பாலிஷ் போடும் பகுதி. உப்புத்தாள் தேய்ப்பதும் வார்னிஷ் பூசுவதும் உலர்ந்ததா என்று விரல் முட்டியால் தொட்டுப் பார்ப்பதுமாகப் பதினேழு ஆண்டுகள். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது திருப்பதியில் ஷீட் கூரை போட்ட ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். ஊசி போன்ற பிளேடு மேலும் கீழும் ஓடும் சிறிய ரம்ப மெஷின் ஒன்று வாங்கினார். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்துக்குப் பலகை அறுக்கப் பழகினார்.

மெல்லிய பிளைவுட்டில் மாவிலை, மயில், சங்கு என்று கோலம்போல ஓட்டை ஓட்டையாக அறுத்து எடுப்பார். அது முன்பலகை. அதற்குப் பின்னால் அடர்ந்த நிறத்தில் ஒரு பலகை ஒட்டினால்தான் கோலம் எடுப்பாகத் தெரியும். அது பின்பலகை. கடிகாரத்தின் மெஷினும் முகமும் பின்பலகையில்தான் உட்காரும். அறுப்பதை வேடிக்கை பார்க்க ஆள் வரும். அக்காவுக்கோ உயிர் போகிற வேலை இந்தப் பின்பலகையை ஒட்டுவதுதான்.

வார்னிஷ் மேல் பசை பிடிக்காது. மரமும் மரமும் நேராகத் தொட வேண்டும். அதனால் முன்பலகையைப் பின்பலகை மேல் வைத்துப் பென்சிலால் வரைந்துகொள்வார். ஒட்ட வேண்டிய கோடுகளின் மேல் காகித டேப்பை வெட்டி வெட்டி ஒட்டி மறைப்பார். பிறகு மூன்று கை வார்னிஷ், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள். டேப்பை உரித்தால் அந்தக் கோடுகள் மட்டும் வெள்ளையாக, வார்னிஷ் படாத மரமாக நிற்கும். ஊதுவத்திக் குச்சியால் அங்கே புள்ளி புள்ளியாகப் பசை வைத்து, முன்பலகையை இறக்கி, மேலே இரும்பு எடைக்கற்களை அடுக்குவார். ஒரு பொட்டுப் பசை வெளியே பிதுங்கினாலும் நாள் முழுவதும் யாரிடமும் பேச மாட்டார்.

என் மகளுக்குப் புத்தூரில் மாப்பிள்ளை பார்த்தோம். என் அக்காவே இரண்டடி உயரத்தில் கடிகாரம் செய்து நிச்சயத்துக்குக் கொண்டுவருவார் என்று அவரைக் கேட்காமலே சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டேன். பிறகு கேட்டதும் செய்யத் தொடங்கினார். நான் சித்தூரில் என் வீட்டிலிருந்து கிளம்பி, அதை எடுத்துப்போகத் திருப்பதி வந்தபோது நிச்சயத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அக்கா காய்ச்சலில் படுத்திருந்தார். முன்பலகையும் டேப் ஒட்டிய பின்பலகையும் தனித்தனியே கிடந்தன.

"கை நடுங்குது. இப்ப ஒட்டினா கோணிக்கும். கல்யாணத்துக்கு எடுத்துக்கினு போ" என்றார்.

"மாப்ள ஊட்ல சொல்லிட்டேங்கா. அவங்க எதிர்பாத்துக்கினு கீறாங்க."

"என்னக் கேட்டா சொன்ன?"

நான் விடவில்லை. கடைசியில் எழுந்து உட்கார்ந்தார்.

"நீயே ஒட்டிக்க. ரெண்டே வேல. டேப்பைப் பிரி. பசை வெச்சி ஒட்டி, கல்ல ஏத்திட்டு, ஒரு நாள் தொடாத. வார்னிஷ் டப்பாவ அது பக்கத்துலயே கொண்டாராத. புரிஞ்சிதா?"

"நான் இன்னா குழந்தையா?"

"குழந்தைன்னா சொன்னதக் கேக்கும்."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. சித்தூர் வந்து டேப்பைப் பிரித்தேன். அழகான அரக்குச் சிவப்பில் வெள்ளைக் கோடுகள். வேலையைப் பாதியில் விட்டதுபோலத் தெரிந்தது. எங்கேயாவது ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். அக்கா சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் கடையில் வார்னிஷ் வாங்கிவந்து பலகை முழுவதும் ஒரு கை பூசினேன். சரியாக உலர்வதற்குள் பசை வைத்து ஒட்டினேன். பார்க்க மிக நன்றாக இருந்தது. அக்காவை விட நன்றாகச் செய்துவிட்டதாக என் மனைவியிடம் சொன்னேன்.

நிச்சயத்தன்று மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் அதை மாட்டினேன். தட்டு மாற்றுவதற்குச் சற்று முன் முன்பலகை அப்படியே கழன்று, அடுக்கி வைத்திருந்த சீர்த்தட்டுகள் மேல் விழுந்தது. மயிலின் கழுத்து முறிந்தது. பழத்தட்டு கவிழ்ந்தது. பின்பலகை மட்டும் சுவரில் தொங்கியது. அதில் முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நின்றார். "இது யார் செஞ்சது?" என்றார். யாரோ சொன்னார்கள். "வாழாவெட்டி கை பட்டத நல்ல காரியத்துல கொண்டாந்து மாட்டினா இப்படித்தான் ஆவும்" என்றார். அதை மறுத்து எங்கள் பக்கத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஒட்டினது யாருப்பா?"

"அக்காதான்" என்றேன்.

காய்ச்சலோடு பேருந்தில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா முன்னால் வந்தார். விழுந்த பலகையை எடுத்துத் திருப்பினார். பசை முழுவதும் அதிலேயே உரிந்து வந்திருந்தது. நாற்காலி மேல் ஏறிச் சுவரில் இருந்த பின்பலகையைக் கட்டைவிரலால் தேய்த்தார். இறங்கி என்னிடம் வந்தார்.

"டேய், இதுல வார்னிஷ் கீது. கோடு மேலயே கீது. நான் பூசல. நீ பூசினியா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் மேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். உண்மை தெரிந்த என் மனைவியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான் தொடவே இல்லக்கா. நீ ஒட்டிக் குடுத்தத அப்படியே கொண்டாந்தேன்."

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இவன் பொய் சொல்றான்" என்றார். தெலுங்கிலும் ஒருமுறை சொன்னார், சம்பந்தி வீட்டில் தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று. பெரியப்பா, "செஞ்ச தப்ப ஒத்துக்கினு போம்மா, நல்ல காரியம் நடக்கட்டும்" என்றார். அக்கா சாப்பிடாமல் திரும்பிப் போனார். நிச்சயம் நடந்தது. கல்யாணமும் நடந்தது. என் மகள் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்தவற்றையும் எழுதுகிறேன். திருப்பதியில் பரிசுப்பொருள் கடை வைத்திருந்த நம் உறவினர் அடுத்த வாரமே அக்காவின் கடிகாரங்களைத் திருப்பி அனுப்பினார். கிரகப்பிரவேசத்துக்கு அக்கா கொடுத்ததைச் சுவரிலிருந்து கழற்றி மாட்டுக்கொட்டகையில் போட்டார் ஒருவர். இன்னொருவர் தமக்குக் கொடுத்ததை ஆட்டோக்காரர் கையில் அக்காவுக்கே திருப்பியனுப்பினார், நேரில் வரக்கூடக் கூசி. 'ஒட்டு நிக்காதவ' என்று ஒரு பட்டப்பெயர் வைத்தீர்கள். கணவனோடும் ஒட்டவில்லை, கடிகாரமும் ஒட்டவில்லை என்று பந்திகளில் சிரித்தீர்கள். அந்தப் பந்திகளில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அக்கா என் மகளின் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமல் தபாலிலேயே திருப்பினார். உறவினர் எவரையும் நம்பாமல் காளஹஸ்தியில் கோயிலுக்குப் போகும் வழியில் தாமே விரிப்புப் போட்டு உட்கார்ந்தார். வாங்க வருகிறவர்களிடம் கடிகாரத்தை நீட்டி, "ரெண்டு பக்கமும் புடிச்சி இழு. கழண்டா சும்மாவே எடுத்துக்கினு போ" என்பாராம். சிலர் பயந்து போய்விடுவார்களாம். போகட்டும் என்று விட்டுவிடுவாராம். ஒன்றுகூடக் கழன்றதில்லை.

அந்த ஆண்டுகளில் நான் அவரை இரண்டு முறை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இரண்டு முறையும் என்னைத் தாண்டி வேறெங்கோ பார்த்தபடி போனார்.

பிறகு நுரையீரல் கெட்டது. அத்தனை ஆண்டு மரத்தூளும் வார்னிஷ் ஆவியும் உள்ளே போயிருக்கும் என்றார் மருத்துவர். திருப்பதி மருத்துவமனையில் சேர்த்தது பக்கத்து வீட்டு சரோஜம்மா. என் மகளுக்கு எப்படியோ தெரிந்து போய்ப் பார்த்திருக்கிறாள். வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்தாள்.

"நைனா, வார்னிஷ் பூசினது நீதானா?"

ஏழு ஆண்டுகளில் முதல்முறையாக ஆமாம் என்றேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அத்தைகிட்டப் போய்ச் சொல்லு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். இன்றுவரை என்னோடு அளந்துதான் பேசுகிறாள்.

மறுநாள் பகல் போனேன். அக்கா மிகவும் சிறுத்திருந்தார். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"தப்புப் பண்ணிட்டேங்கா. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

"எனுக்குத் தெரிஞ்சத எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? அவங்ககிட்டச் சொல்லு. எப்பச் சொல்வ?"

"பையனுக்குப் பொண்ணு பாத்துக்கினு கீறோம். அது முடியட்டும். இப்பச் சொன்னா..."

மூச்சு வாங்கியது அவருக்கு. ஆனாலும் சொன்னார்: "நான் செத்த பின்னால சொல்வ. அப்ப உனுக்கு நல்ல பேரு கூட வரும். கெளம்பு."

நான் நின்றேன். "கெளம்புன்றேன் இல்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பதினோரு நாள் கழித்து இறந்தார். அதற்குள் நான் சொல்லியிருக்கலாம். போனில் எல்லோருடைய எண்ணும் இருந்தது.

காரியத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். 'எவ்வளவு பொறுமையான பெண்' என்று ஆளுக்கு ஆள் சொன்னீர்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உங்கள் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும். நான் சொன்னது ஒரே ஒரு பொய். அதை ஒருவர்கூட விசாரிக்கவில்லை. பின்பலகையை அவர் காட்டியபோது ஒருவர்கூட விரல் வைத்துப் பார்க்கவில்லை. கணவன் விட்டுப்போன பெண்ணின் கைவேலை கெட்டுத்தான் இருக்கும் என்று நம்ப எல்லோரும் முன்கூட்டியே தயாராக இருந்தீர்கள். என் பொய்க்கு அவ்வளவு எளிதாக இடம் கிடைத்தது.

இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்த பெரியப்பா, நிச்சயத்தில் நடந்ததைச் சொல்லும் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். போனவளைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதினால் போதாதா என்றார். அக்காவைப் பற்றி நான் எழுதக்கூடிய நல்ல வரி இதுதான்: அவர் ஒட்டியது எதுவும் கழன்று விழவில்லை. விழுந்தது நான் ஒட்டியது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. மருத்துவமனையில் அக்காவின் வசவுகளைச் சிரித்துக்கொண்டே வாங்கிய செவிலியர் இருவருக்கும், காளஹஸ்தியில் வெயிலுக்குத் தம் கடை நிழலை விட்டுக்கொடுத்த பூக்கார அம்மாவுக்கும் நன்றி. சரோஜம்மாவுக்கு நேரில் நன்றி சொல்லப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"உன் நன்றி எனுக்கு வாணாம். புக்குல போடப் போறியாமே?"

"ஆமாம்மா. எல்லாத்தயும் எழுதிட்டேன்."

"எழுதினா யார் படிப்பா? போட்டோவப் பாத்துட்டுப் பையில போட்டுக்குவாங்க. அன்னிக்கு அத்தனை பேர் எதிர்ல வாயாலதானே பொய் சொன்ன? வாயாலயே சொல்லு."

ஆகவே திதிச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்கு முன்பு, மாப்பிள்ளையின் அத்தையும் பெரியப்பாவும் உட்பட எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, எழுந்து நின்று இதைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன். மலர் அதன் பிறகுதான் வழங்கப்படும். இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் நான் சொல்லி முடித்துவிட்டேன் என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்து போக விரும்புகிறவர்களைத் தடுக்க மாட்டேன். அக்காவும் அன்று சாப்பிடாமல்தான் போனார்.