அல்பேர்ட்டா என்றால் வாடகையைப் பற்றிப் பேசு

ஒரு இடத்தில் ஒழுங்காக இருக்க முடியாத வருத்தம் எனக்கு இந்தக் குளிர்காலத்தில்தான் தொடங்கியது. தேநீரைப் போட்டுவிட்டுக் குடிக்க மறப்பேன். செய்தியைப் போடுவேன். மேற்கே உள்ள அல்பேர்ட்டா மாகாணம் கனடாவை விட்டுப் பிரியவேண்டும் என்று யாராவது கொடியோடு நின்று கத்துவார்கள். நிறுத்துவேன், திரும்பவும் போடுவேன். என் தங்கை அந்த அல்பேர்ட்டாவின் எட்மன்ரனில் இருக்கிறாள். இங்கே எங்கள் பக்கத்து டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் பிள்ளைகளோடு நெருக்குப்பட்டது போதும், அங்கேயாவது சொந்த வீடு வாங்கலாம் என்று போனவள்.

நானோ எதிர்க்கட்சியின் தொகுதி அலுவலகத்தில் தொண்டர். பின்னேரங்களில் வோபர்ன் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கு போன் எடுப்பது என் வேலை. அங்கே பொறுப்பாக இருந்தவள் இந்த நாட்டில் பிறந்த தமிழ்ப் பெண், என் மகளின் வயது. ஒவ்வொருவரோடும் நான் பேசி முடிந்ததும், அவர் ஆதரவா, இன்னும் முடிவெடுக்கவில்லையா என்று கேட்டு கம்ப்யூட்டரில் பதிவாள். அல்பேர்ட்டா என்று யாரும் தொடங்கினால் உடனே வீட்டு வாடகைப் பேச்சுக்குத் தாவவேண்டும் என்பது அவள் கட்டளை. பிரியவேண்டும் என்கிறவர்கள் மேற்கில் எங்களுக்கு வோட்டுப் போடுகிறார்கள், கூடாது என்கிறவர்கள் இங்கே போடுகிறார்கள்.

"ரெண்டு பக்கத்தையும் லூஸ் பண்ண ஏலாது அன்ரி."

விடாமல் கேட்பவர்களுக்கென்று ஒரு வசனமும் இருந்தது. ஆங்கிலத்தில் தந்தார்கள், தமிழாக்கிய பெருமை எனக்கு: "எல்லாரின்ர மனக்கவலையும் எங்களுக்கு விளங்குது." ஒரு ஐயா மட்டும், "ஊரிலை தனிநாடு கேட்டனாங்கள், இஞ்சை என்ன சொல்லுறியள் பிள்ளை?" என்று மடக்கினார். வசனத்தைச் சொன்னேன். "ஓம், ஓம்" என்று வைத்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த நம்பரை எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரரும் பிரிவுக்கு ஆதரவாகப் புல்லில் பலகை நட்டுவிட்டாராம்.

"அக்கா, வீட்டை வித்துப்போட்டு அங்கை வரட்டோ? நீங்கள் கட்சிக்குள்ளை நிக்கிறியள்தானே, சொல்லுங்கோ. ஊரிலை மாதிரி இன்னொருக்கா அகப்பட்டுக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது."

என் வாய் யோசிக்கவேயில்லை. "எல்லாரின்ர மனக்கவலையும் எங்களுக்கு விளங்குது" என்றது.

"சரி அக்கா, அடுப்பிலை கறி கிடக்கு" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். "உங்கட மனக்கவலை லைன் சூப்பர் அன்ரி. ஒருத்தரும் செகண்ட் குவெஸ்சன் கேக்கிறேல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் அவளிலா என்னிலா என்று தெரியவில்லை. எழும்பினேன், இருந்தேன், தங்கையின் நம்பரை அழுத்தினேன்.

"எனக்கு ஒண்டும் தெரியாதடி. பயமாக் கிடக்கு. பிரியக்கூடாது, அவ்வளவுதான். நீ வித்தாலும் விக்காட்டிலும் இஞ்சை என்ர வீட்டிலை உனக்கு அறை இருக்கு."

"உதை நேற்றே சொல்லியிருக்கலாமே" என்று அழத் தொடங்கினாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், அந்தப் பெண் பதிவதற்குக் காத்திருந்தாள்.

"அன்ரி, அவ சப்போர்ட்டா, அன்டிசைடட்டா?"

"தங்கச்சி" என்றேன்.