சவுண்ட் கார்டு பற்றி நான் எழுதிய புகார்

ஒருவர் மீது நடவடிக்கை எடுக்குமுன் அவரிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்க வேண்டும். மாநில அரசுப் பணியில் இருந்தவரை இந்த விதியை நான் மீறியதில்லை. ஓய்வு பெற்றபின் மீறினேன்.

ஸ்ரீராம்புரத்துக் கடை ஒன்றின் மெக்கானிக் என் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய எடுத்துப்போய், மறுநாள் கொண்டுவந்து வைத்தார். அன்று மாலையே, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பை நிறுவினேன். எல்லாம் ஓடியது; சத்தம் மட்டும் வரவில்லை. ஸ்பீக்கர் குமிழைக் கடைசிவரை திருகினேன். பாட்டு ஓடுவதாகத் திரை சொன்னது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஒலிக்கான சவுண்ட் கார்டின் பெயராகத் திரை காட்டியதும் பழைய பெயரேதான். அதே பெயரில் பழுதான ஒன்றைச் செருகிவிட்டு நல்லதை எடுத்துக்கொள்வதுதானே கெட்டிக்காரத்தனம்? கடை முதலாளிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். லினக்ஸ் நிறுவியதை அதில் குறிப்பிடவில்லை. நான் செய்தது முறைப்படி செய்தது. அதில் குறிப்பிட என்ன இருக்கிறது?

நான்காம் நாள் மெக்கானிக் வாசலில் நின்றார்.

"எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே சார்? ஓனர் இனிமே வேலைக்கு வராதேன்னுட்டாரு."

"கார்டை மாத்தலைன்னா சத்தம் எங்கேப்பா?"

"ஃபேன்ல தூசி தட்டினேன். அவ்ளோதான். " உள்ளே ஓடிக்கொண்டிருந்த திரையை எட்டிப் பார்த்தார். "சத்தத்தை நீங்க புதுசா போட்ட லினக்ஸைக் கேளுங்க சார்."

அவர் போனதும் மனைவி சொன்னாள்: "அதையும்தான் கேட்டுப் பாருங்களேன். அதுக்கும் பதிவுத் தபால்தானா?"

லினக்ஸ் பயன்படுத்துவோரின் மின்னஞ்சல் குழு ஒன்று இருந்தது. கேள்வி கேட்பதற்கு அங்கும் விதிகள் உண்டு. பதிப்பு எண், கார்டின் பெயர், செய்த சோதனைகள் என ஒன்று விடாமல் எழுதினேன். மூன்று வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழுவிலும் கடைக்கு வேண்டியவர் யாரோ இருக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

ஒரு காலை, முகம் தெரியாத ஒருவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. புதிய லினக்ஸில் ஒலி அமைப்பு எல்லா வழிகளையும் மூடித்தான் வைத்திருக்கும். ஒலி அளவை மாற்றும் மிக்ஸர் நிரலைத் திறந்து, முதல் கட்டத்தில் 'எம்' விசையை அழுத்தவும்.

அழுத்தினேன். ஸ்பீக்கர் குமிழ் கடைசியிலேயே இருந்ததால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"என்ன, திருடு போன கார்டு திரும்பி வந்துடுச்சா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், தவறு முழுவதும் என்னுடையது என்றும், அவரை வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் முதலாளிக்கு எழுதினேன். இந்த முறை தபாலை நம்பவில்லை. நானே எடுத்துக்கொண்டு ஸ்ரீராம்புரத்துக்குப் பஸ் ஏறினேன். கடிதத்தின் தலைப்பில் தேதி போட்டிருந்தேன். அந்த இரண்டு வரி வந்த அதே தேதி: செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை.