கடைசி இருக்கையை விற்றவன்

கொழும்பில் ஒரு விமானக் கம்பனியின் அலுவலகத்தில் டிக்கெட் போடுவது என் தொழில். பதினொரு வருடமாகிறது. என் சம்பளம் எவ்வளவு என்று சொந்தக்காரர் யாரும் கேட்டதில்லை. அவர்கள் கண்ணில் பெரிதாகத் தெரிவது ஸ்டாஃப் டிக்கெட் ஒன்றுதான். “உனக்கென்ன, சும்மா பறக்கலாம்” என்பார்கள். பறக்கலாம், உண்மைதான். ஆனால் பறக்கிறோமா இல்லையா என்பது கடைசி நேரம் வரைக்கும் தெரியாது. காசு கொடுத்தவர்கள் எல்லோரும் வந்து முடிய, வராதவர்களின் இருக்கை மிஞ்சினால் அதில் எங்களை ஏற்றுவார்கள். மிஞ்சாவிட்டால் பெட்டியோடு வீட்டுக்குத்தான்.

நான் சிங்கப்பூருக்கு ஒரு முறை போயிருக்கிறேன். சிங்கப்பூருக்கென்று கட்டுநாயக்க விமான நிலையம் வரை நாலு முறை போயிருக்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் வாட்ச்மேன், நான் காலையில் பெட்டியோடு இறங்கினாலே “பின்னேரம் லிஃப்ட் வேலை செய்யாது, பார்த்து வாங்க” என்பார். எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த நிச்சயமின்மை எனக்குப் பிடித்தும் போயிருந்தது. அம்மாவுக்குத்தான் பிடிக்காது.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அம்மா முதலில் சொன்னது மாப்பிள்ளையைப் பற்றி அல்ல.

“இந்த முறையாவது காசைக் குடுத்து டிக்கெட்டை எடு. விளையாடாதை.”

மாப்பிள்ளை கனடா. அவருடைய தாய் தகப்பன் சென்னையில் இருந்தார்கள். அதனால் கல்யாணமும் சென்னையில். அக்காவுக்கு முப்பத்தைந்து வயதாகியிருந்தது. வந்த சம்பந்தங்கள் எல்லாம் ஏதோ ஒன்றில் இடறிப்போய், கடைசியில் கூடி வந்தது இது. அவளுக்கு நான் ஒரே தம்பி. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பிதான் தோழனாக நின்று அவருடைய காலைக் கழுவி, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். மாப்பிள்ளை இரண்டு மாதம் முன்னாலேயே வட்ஸப்பில் என் விரல் அளவைக் கேட்டு வாங்கியிருந்தார். அந்த ஐந்து நிமிட வேலைக்காக நான் கண்ணாடி முன் நின்று வேட்டி கட்டிப் பழகினேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

அம்மாவும் அக்காவும் முன்னாலேயே சென்னைக்குப் போய்விட்டார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியான விமானத்தில் சொந்தக்காரர் எல்லோரையும் ஒன்றாகக் கொண்டுபோவது என் பொறுப்பு. முதலில் பதினெட்டுப் பேர் என்றார்கள். பிறகு பெரியம்மாவின் சம்பந்தி வீடு சேர்ந்தது, மருதானையில் அப்பாவோடு வேலை செய்தவர் குடும்பத்தோடு சேர்ந்தார். ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க, கம்ப்யூட்டருக்கு முன்னால் ராஜா மாதிரி இருந்து டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். நாற்பத்தொரு பேர். கடைசியாக வந்தவன் சித்தப்பாவின் மகன். என்னைவிட ஐந்து வயது குறைந்தவன், கொட்டாஞ்சேனையில் ஒரு பார்மசியில் வேலை. லீவு கிடைக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு மூன்று நாள் முன்னால் லீவு கிடைத்துவிட்டது. அவனுக்கு டிக்கெட்டைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தேன். விமானம் நிரம்பிவிட்டது. கடைசி இருக்கையை என் கையாலேயே விற்றிருந்தேன். எனக்கென்று ஒன்றை எடுத்து வைக்க வேண்டும் என்று அதற்கு முன் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஸ்டாஃப் டிக்கெட்காரன் காசு கொடுத்துப் பறப்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு மானக்கேடு. அந்தத் திமிர் எனக்கும் இருந்தது. மற்றக் கம்பனிகளிலும் பார்த்தேன், அன்றைக்கு இடம் இல்லை.

ஆனாலும் பெரிதாகப் பயப்படவில்லை. இவ்வளவு பெரிய விமானத்தில் ஒருவராவது வராமல் விடுவார். காத்திருக்கும் ஸ்டாஃப் பட்டியலில் என் பெயர்தான் முதலாவது.

பயண நாளன்று வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்து எல்லோரும் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கள் சனத்தின் வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர்கூடப் பிந்தவில்லை. மற்றப் பயணிகளும் அப்படியே. கவுண்டரில் இருந்த சிங்கள அக்கா என்னைப் பாவமாகப் பார்த்து “மல்லி, அத பே வகே” என்றார். தம்பி, இன்றைக்கு முடியாது போல, என்று அர்த்தம். இன்னும் வராதவர் ஒரே ஒருவர். அது சித்தப்பாவின் மகன். கொட்டாஞ்சேனையிலிருந்து நேரே வருகிறேன் என்று சொல்லியிருந்தான்.

எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு நிற்கும்போது அவனிடமிருந்து ஃபோன் வந்தது.

“அண்ணா, ஒருகொடவத்தையில கன்டெய்னர் ஒண்டு ரோட்டுக்குக் குறுக்கால நிண்டுட்டுது. அரை மணித்தியாலமா கார் அசையேல்லை. இப்பதான் ஒரு பக்கத்தால விடுறாங்கள்.”

“செக்-இன் போட்டனியா?”

“இல்லை அண்ணா, விண்டோ சீட் பார்த்துப் போடுவம் எண்டு இருந்து மறந்திட்டன்.”

மற்ற நாற்பது பேருக்கும் முதல் நாளே நான் செக்-இன் போட்டு வைத்திருந்தேன். இவன் மட்டும் தானே போடுவதாகச் சொல்லியிருந்தான். கணக்குப் போட்டேன். அவன் வந்து சேரக் கவுண்டர் மூடியிருக்கும். கவுண்டர் மூடினால் அவன் இருக்கை எனக்கு. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். ஆனால் அவனுடைய புக்கிங் நம்பரும் பாஸ்போர்ட் விபரமும் என் ஃபோனில் இருந்தன. ஆன்லைன் செக்-இன் மூட இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. நான் போட்டுவிட்டால், அவன் கவுண்டருக்குப் போகாமல் கைப்பையோடு நேரே போர்டிங் கேட்டுக்கு ஓடலாம்.

என்னைப் பற்றி நல்லதாக எழுத ஆசைதான். ஆனால் அந்த ஒன்பதில் நாலு நிமிடம் நான் ஒன்றும் செய்யாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செக்-இன் மூடிவிட்டது என்று சொன்னால் அவன் நம்புவான். வாழ்நாள் முழுவதும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்கா கல்யாணத்தில் அவளுடைய சொந்தத் தம்பி நிற்பதா, சித்தப்பா மகன் நிற்பதா? நான் இல்லையென்றால் தோழனாக நிற்க வேண்டியவன் அவன்தான். அந்த மோதிரமும் அவன் விரலுக்குத்தான் போகும். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த நேரம் அவன் திரும்பவும் ஃபோன் எடுத்தான்.

“அண்ணா, எனக்காண்டி நிக்காதேங்கோ. நீங்கள் போய் ஏறுங்கோ. நீங்கள் போனாக் காணும், அக்காவுக்கு அதுதான் முக்கியம்.”

எனக்கு இருக்கை இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. டிக்கெட் போடுகிறவனுக்கே டிக்கெட் இல்லாமல் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அதற்குப் பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. பதினொரு வருடப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. அவன் காசு கொடுத்த கன்ஃபர்ம் பயணி, நான் காத்திருப்புப் பட்டியல். யார் முதலில் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன்.

“வாயை மூடிக்கொண்டு கெதியா வா. போர்டிங் பாஸ் அனுப்புறன்” என்று சொல்லி, அவனுக்குச் செக்-இன் போட்டேன். விண்டோ சீட் இல்லை, நடு சீட்தான் மிச்சம். அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

அவன் ஓடி வந்தபோது சேர்ட் முழுக்க வியர்வை. என்னைக் கண்டதும் நின்றான்.

“நீங்கள் இன்னும் உள்ள போகேல்லையே?”

“நான் பின்னால வாறன். நீ ஓடு.”

அவன் உள்ளே மறைந்த பிறகு கவுண்டர் அக்கா பட்டியலில் என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தார். பெட்டியை வாங்கி, அவரே படியால் தூக்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை விமானத்தில் பாதிக்குமேல் வெறும் இருக்கை. போக வேண்டியவர்கள் எல்லோரும் நேற்றே போய்விட்டார்கள் அல்லவா. எனக்கு மூன்று இருக்கையும் ஒரு ஜன்னலும் கிடைத்தன. நடு வானத்தில், வேட்டியோடு, தனியாக இருந்து கோப்பி குடித்தேன். இப்போது அக்காவை மணவறைக்குக் கூட்டி வந்திருப்பார்கள், இப்போது தாலி கட்டியிருப்பார்கள் என்று நேரம் பார்த்தேன்.

மண்டபத்துக்குள் நுழையும்போது எல்லாம் முடிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மேடையில் நின்றபடியே என்னைக் கண்டுவிட்டாள். பக்கத்தில் போனதும் என் சேர்ட் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உன்ர ஸ்டாஃப் டிக்கெட்டைக் கிழிச்சு எறி” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் கண் துடைக்கத் தன் லேஞ்சியை நீட்டிக்கொண்டு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

“சாப்பிடப் போ. உனக்காக அங்க ஒருத்தன் சண்டை பிடிச்சுக்கொண்டு இருக்கிறான்” என்றாள் அம்மா.

கீழே பந்தி நிறைந்திருந்தது. ஒரு ஓரத்தில் சித்தப்பாவின் மகன். அவன் இலையில் பரிமாறிய சோறு தொடாமல் கிடந்தது. பக்கத்து வெறும் இலையில் கையை விரித்து வைத்திருந்தான். அந்தக் கையில் மோதிரம். என் அளவில் செய்தது அவனுக்குப் பெரிதாகி, கழன்று விழாமல் மஞ்சள் நூல் சுற்றியிருந்தான். கனடாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் அவன் தலைக்கு மேலே நின்றார்.

“தம்பி, எவ்வளவு நேரமா வெறும் இலையைப் பிடிச்சு வச்சிருக்கிறீர்? ஆளைக் காணேல்லை.”

“வருவார், அங்கிள்.”

“வருவார் எண்டு என்ன நிச்சயம்?”

நான் போய் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவன் கையை எடுத்தான். என்னைப் பார்க்காமல், மேலே நின்றவரைத்தான் பார்த்துச் சொன்னான்.

“கன்ஃபர்ம் எண்டு சொன்னன்தானே, அங்கிள்.”