பத்து லட்சத்து மூன்று

சூரியநெல்லி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் என் அத்தை, அப்பாவின் தங்கை. மதுரையில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவளை, எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், படிப்பு முடியுமுன்பே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரிக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பேச்சு அவ்வப்போது எழும், பிறகு அடங்கிவிடும்.

படுத்தபடியே அத்தை ஒரு கணக்குப் போட்டாள். பத்து லட்சத்து மூன்று என்ற எண்ணை எதுவாவது மீதியில்லாமல் வகுக்குமா என்று, பகா எண்களாக எடுத்து ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்ப்பது. ஆயிரம் வரை பார்த்தால் போதுமாம். அதற்கு மேலே ஒன்று வகுத்தால், அதன் ஜோடி ஆயிரத்துக்குள்ளேயே அகப்பட்டிருக்கும் என்றாள். கை நடுங்கத் தொடங்கியதும் சிலேட்டு என்னிடம் வந்தது. அவள் எண்ணைச் சொல்வாள், நான் வகுப்பேன்.

ஒவ்வொரு முறையும் மீதி விழுந்தது. அத்தை தோற்றுக்கொண்டே இருப்பதாக நினைத்தேன். உபதேசியார் வந்து ஜெபிக்கும்போதெல்லாம், ஒரு தடவையாவது இது சரியாக வகுபட வேண்டும் என்று கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன். இந்தக் கணக்குதான் சீக்கைக் கூட்டுகிறது என்று அம்மா அடுப்படியில் அழுவாள்.

ஐம்பத்தொன்பதால் வகுத்தபோது என் ஜெபம் பலித்தது. மீதி இல்லை என்று கத்தினேன். அத்தையின் முகம் வெளிறிவிட்டது. சிலேட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"மூணு பூஜ்யத்த முழுங்கிட்டியேட்டி."

ஆயிரத்து மூன்றை வகுத்திருந்தேன். திருத்திப் போட்டதும் வழக்கம்போல் மீதி வந்தது. அத்தை சிரித்தாள். என் தப்புக்குச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தபோது அவளுக்குக் கால்கள் வீங்கிவிட்டன, உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். ஒரு மத்தியானம் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, வாசலில் அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிப் போனார். அப்பா மழையிலேயே நின்றார். அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தேழப் போடு. கடைசி அதுதான்."

நாங்கள் இருநூறைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

"நடுவுல எம்புட்டு கெடக்கு அத்தை?"

"அத நீ மெதுவாப் போட்டுக்கோ."

முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். மீதி பன்னிரண்டு. அத்தை அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே அத்தை போய்விட்டாள். சர்ச்சுக்குப் பின்னால் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. இறைத்து இறைத்துத்தான் அவளை இறக்கினார்கள். விட்டுப்போன எண்களையெல்லாம் பிறகு நான் ஒருத்தியாகப் போட்டு முடித்தேன். எதுவும் வகுக்கவில்லை. அது பகா எண்தான்.

ஆனால் கம்பவுண்டர் வந்துபோன அந்த மத்தியானம் எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தை வரிசையாகப் போகாமல் அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள் என்று அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எந்த எண்ணைப் போடச் சொன்னாள் என்று கேட்டாள். கடைசி எண்ணை என்றேன்.

அம்மா முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், அத்தையைத் தன் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். கணக்கென்றாலே ஆகாத அம்மாவுக்கு அதில் என்ன புரிந்தது என்று எனக்குப் புரியவில்லை.