ரோமாபுரிக்காரர் வீட்டு விருந்து

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போர் மூண்டதில் என் பள்ளிக்கூட டீச்சருக்கும் பங்குண்டு. ரோமர்கள் ஊரை உண்டாக்கிய புதிதில் அவர்களிடம் பெண்களே இல்லையாம். அயலூர்க்காரர்களைக் குடும்பத்தோடு திருவிழாவுக்கு அழைத்து, எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய குமர்ப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்களாம். சண்டைகள் அப்படித்தான் தொடங்கின என்று சொல்லிவிட்டு டீச்சர் சாவகாசமாகக் கரும்பலகையை அழித்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. வெளிநாட்டில் நாங்கள் குடியேறியிருந்த நார்த்மீட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ரோமிலிருந்து வந்தவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தக்காளிச் சோஸ் காய்ச்சும் விருந்துக்கு எங்களை அழைத்திருந்தார்கள். பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு வளர்ந்த மகன் ஒருவன் இருந்தான். எங்கள் வீட்டில் அக்கா இருந்தாள்.

போக வேண்டாம் என்று கெஞ்சினேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மகனின் தாயான அன்ரியின் நீலப்பூக் கிண்ணம் எங்கள் குசினியில் இருந்தது. பிறத்தியார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வராது. வடை போட்டு அனுப்புவார். அன்ரியும் சளைத்தவரல்ல, பிஸ்கட் நிரப்பித் திருப்பி அனுப்புவார். இப்படியே அந்தக் கிண்ணத்துக்கு ஓய்வில்லாமல் போய்விட்டது. அதைக் கொண்டு போவது எப்போதும் அக்காதான். மற்ற வேலைகளுக்கு முகம் சுளிக்கிறவள், இதற்கு மட்டும் தலை வாரிக்கொண்டு புறப்படுவாள்.

விருந்தில் நான் அக்காவின் சேலையைப் பிடித்த பிடி விடவில்லை. சாப்பாடு முடிந்ததும் ஒருவர் அக்கோர்டியன் வாசித்தார். எல்லோரும் ஆடத் தொடங்கினார்கள். நான் பயந்தபடியே, அந்த மகன் வந்து அக்காவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். பாய்ந்து அவன் கையைக் கடித்தேன். இரத்தம் வந்தது.

அக்கா என் கன்னத்தில் அறைந்தாள்.

"உனக்கென்ன விசரே?"

பிறகு அவன் பெயரைச் சொல்லி அழைத்து, அவனோடு கீழே உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் இரத்தத்தைத் துடைத்தாள். வாத்தியம் நின்றுவிட்டது. கடித்த என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. அப்பா கதிரையை விட்டு எழுந்தார். அவர் கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"கையை விடு. வீட்டை வா."

அக்கா உடனே விடவில்லை. அதுதான் எனக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது. டீச்சரின் கதையில் பெண்கள் அலறியடித்து ஓடப் பார்த்தார்கள். இவள் அசையாமல் இருந்தாள்.

நாங்கள் புறப்பட்டபோது, அந்த அன்ரி பின்னால் ஓடிவந்து, கிண்ணம் நிறையச் சோஸை அம்மாவின் கையில் திணித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அம்மா அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்தார். வழக்கம்போல அக்கா தலை வாரிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றாள். அம்மா கிண்ணத்தில் எதையும் போடவில்லை. அப்படியே அலுமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டார். அக்கா நிலத்தில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அக்காவை ரோமர்களிடமிருந்து காப்பாற்றிவிட்ட பெருமையில் இருந்த எனக்கு, ஒரு வெறும் கிண்ணத்துக்காக யாராவது இப்படி அழுவார்களா என்று விளங்கவேயில்லை.