எங்கள் குன்றுச் செடி வூஸ்டரில் பூத்திருந்தது

ட்ரீக்கா ஆடு மேய்ப்பவள். நமக்வாலாந்து என்னும் வறண்ட சீமையில் எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் குன்றடியில் நாற்பது வருஷமாகக் கிடை போட்டிருக்கிறாள். அந்த வழியாக யார் வந்தாலும், முன்பின் தெரியாதவனாக இருந்தாலும், காப்பியும் தணலில் சுட்ட ரொட்டியும் கொடுக்காமல் அனுப்ப மாட்டாள். அவளுக்கு ஒளிக்கத் தெரியாது என்று நான் சத்தியமே செய்திருப்பேன்.

போன செப்டம்பரில் எங்கள் தேவாலயச் சபையார் எல்லாரும் பேருந்து பிடித்து, கேப்டவுன் பக்கத்து வூஸ்டர் ஊரில் இருக்கும் பாலைச் செடித் தோட்டத்துக்குப் போனோம். பால்காரன் மத்தேயஸும் வந்தான், கடைசி இருக்கையில் தனியாக. இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் குன்றுச் செடிகளை யாரோ அடியோடு தோண்டிக்கொண்டு போனார்கள். இடம் காட்டியவன் மத்தேயஸ்தான் என்று ஊரே முடிவு கட்டியது. அவனிடம் பால் வாங்குவதை நானும்தான் நிறுத்தினேன்.

தோட்டம் முழுக்க ஆரஞ்சும் ஊதாவுமாகப் பூ.

"இதுக்கா இடுப்பொடிய வந்தோம்? நம்ம ஆடு தின்னு துப்புறதுடி இது!" என்று சிரித்துக்கொண்டே வந்த ட்ரீக்கா, கண்ணாடிக் கொட்டகைக்குள் நின்றுவிட்டாள். தட்டு நிறைய, மண்ணோடு படிந்த இரட்டை இலை, நடுவே மஞ்சள் பூ.

"ஏ ஸனா, நம்ம குன்றுச் செடி! இங்க எப்படி?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். "திருட்டுச் செடிம்மா. வெளிநாட்டுல நல்ல விலைக்குப் போகுமாம். போலீஸ் பிடிச்சுக் கொடுத்தது. நானூறுல பிழைச்சது இவ்வளவுதான். படம் எடுக்க வந்தேன்னு ஒரு வெளியூர்க்காரன் திரிஞ்சிருக்கான்."

"தங்கப் பல்லு கட்டினவனா?"

"ஆமா, பேப்பர்ல படம் வந்துச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ட்ரீக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நான்தாண்டி கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். ரெண்டு ரொட்டி தின்னான். நல்ல பிள்ளையா பேசினான். செடி களவு போனப்போ, அவனா இருக்காதுன்னே நெனச்சுக்கிட்டேன்."

நான் அவள் பக்கத்தில் குனிந்தேன். "மத்தேயஸை ஏசினப்பவும் வாயைத் திறக்கலையேடி!"

"பயமா இருந்துச்சு."

"இனிமே எதுக்கு? சும்மா இரு," என்றேன். அதைச் சொன்னதும் இதே வாய்தான்.

அவள் கேட்கவில்லை. திரும்பப் பேருந்தில் ஏறியதும் மத்தேயஸின் கடைசி இருக்கை வரைக்கும் போய், எல்லார் காதிலும் விழும்படி நடந்ததைச் சொன்னாள்.

மத்தேயஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஒருத்தரும் வரலைக்கா. நீயும் வரலை."

வண்டி கிளம்பியது. மூன்று தரம் கூப்பிட்டும் ட்ரீக்கா என் பக்கத்துக்கு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பாதி வழியில் கிளான்வில்லியம் ஊரைத் தாண்டிய பிறகுதான் மத்தேயஸின் குரல் கேட்டது.

"உட்காருக்கா. விழுந்து தொலைச்சா அதுக்கும் என்னைத்தான் சொல்லுவாங்க."